காரணம் என்கிற கட்டம்

குடிகாடு நிறுத்தத்தில் இறங்கினால்
மூக்கே வழி சொல்லிவிடும் எங்கள் கம்பெனிக்கு.
உள்ளே தீப்பெட்டி கூடாது.
வாட்ச்மேன் பாவாடைசாமி
ஆண்களின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து
லைட்டர்களைப் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டுக்கொள்வார்.
ஆகவே புகைக்கிறவர்கள்
கேட்டைத் தாண்டி
சிதம்பரம் ரோட்டோரப் புங்கமரத்தடிக்குத்தான்
போய் வரவேண்டும்.
போக இரண்டு நிமிடம், பிடிக்க நான்கு, வர இரண்டு.
தணிகாசலத்துக்கு மட்டும் வர மூன்று,
முட்டிவலி.

வேண்டுமென்று எண்ணவில்லை நான்.
அவர்கள் எழுந்ததும்
அவர்களுடைய மீட்டர்கள் என் பக்கம் வந்துவிடும்.
"ஒரு கண்ணு வெச்சிக்கம்மா, வேதநாயகி."
இருப்பதே இரண்டு.
நாலாம் நம்பர் ரியாக்டரின் முள் நடுங்கும்போது
கடிகாரத்தைப் பார்க்காமல்
வேறெதைப் பார்ப்பது?
நாளைக்கு நாலு தடவை, எட்டு எட்டாக.
மாதக் கணக்கை மட்டும் போடவில்லை.
போட்டால் கோபம் ரூபாயாகிவிடும்,
அப்புறம் அதை யாரிடமாவது கேட்கத் தோன்றும்.

பேக்கிங் பெண்கள் கழிவறைக்குப் போனால்
நோட்டில் எழுதவேண்டும்.
அஞ்சலாட்சி ஒரே ஷிப்டில் மூன்றாம் முறை எழுதிய அன்று
மேஸ்திரி சத்தமாகவே கேட்டான்:
"உடம்பு சரியில்லன்னா லீவு போட்டுக்கயேன்."
சிகரெட்டுக்கும் நோட்டு உண்டு, கேட்டில்.
அதை யாரும் படிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை கேட்டேவிட்டேன்,
எனக்கும் எட்டு நிமிடம் வேண்டும் சார்.
திருநாவுக்கரசு சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"எதுக்கு?"
"சும்மா."
"சும்மான்னா?"
"சும்மாதான் சார்."
நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை, பாவம்.
பழக்கம் என்றால் பரிதாபப்படுவார்,
வியாதி என்றால் கையெழுத்துப் போடுவார்.
சும்மாவுக்கு அவரிடம் படிவம் இல்லை.
கடைசியில்,
"போய்ட்டு வாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதீங்க."

கேட்டுப் பதிவேட்டில் பெயர், நேரம், காரணம்.
எனக்கு மேலே வரிசையாக
டீ. டீ. டீ. டீ.
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
பாவாடைசாமி என் கையிலிருந்து வாங்கி
அவரே எழுதினார்: டீ.

மரத்தடியில் என்னைக் கண்டதும்
ஜெர்மியா சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்,
மாமியார் வந்ததுபோல.
ஒரு லாரி கடக்கும் நேரம் மௌனம்.
பிறகு விட்ட இடத்திலிருந்து பேசினார்கள்.
ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் யாருக்கு,
மூன்றாம் பிளான்ட்டில் யார் இன்சார்ஜ்,
அடுத்த மாத நைட் ஷிப்டில் யார் தலை.
நோட்டீஸ் போர்டைத் தினமும் அண்ணாந்து படிக்கிறவள் நான்.
எல்லாம் இங்கே முடிந்து
சாம்பல்தான் அங்கே வந்து ஒட்டியிருக்கிறது.
அதுவரை
நிமிடங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஓரமாய் நின்ற கபூர் பாய் விரலில்
பற்ற வைக்காத சிகரெட்.
"விட்டு ஆறு வருஷமாச்சும்மா. இருதயம்.
இதையும் விட்டா என்னை யாரு வெளிய அனுப்புவா?"
கிளம்பும்போது அதைத்
தணிகாசலத்தின் காதில் செருகினார்.
சிரிப்பு வந்தது. கோபமும், அதே தொண்டையில்.

உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
எல்லோரும் ஒன்றாக மூக்கைப் பொத்திக்கொண்டோம்,
பிடிக்கிறவர்கள், பிடிக்காதவள்.
சுவருக்கு மேலே சிம்னி மட்டும்
பிரேக் இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தேன்.
என் மீட்டர்களை யாரும் பார்த்திருக்கவில்லை.
எந்த முள்ளும் நடுங்கியிருக்கவில்லை.
அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

சனி, திங்கள், செவ்வாய்.
இப்போது நானே எழுதுகிறேன், டீ என்று.
நேற்று ஜெர்மியா எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றான்.
பேக்கிங் கூடத்தைத் தாண்டித்தான்
கேட்டுக்கு வழி.
அஞ்சலாட்சி தலை நிமிர்ந்து பார்க்கிறாள்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.